போத்தலில் இருந்த புயல் மழை

பிப்ரவரி 3

வானம் வெளுத்துவிட்டது. காற்று இல்லை. வெயில்.

புயல் மழை இருந்த போத்தலைத் திறந்து ஊற்றிவிட்டார்கள். என் தம்பி சின்னத்தம்பியும் அவன் மனைவி ருக்மணியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது அநியாயம். முதலில் இதை எழுதி வைக்கிறேன், மற்றது பிறகு.

மற்றது: என் மனைவி தெய்வானை இறந்துவிட்டாள். நேற்றுக் காலையில். சாயங்காலமே அடக்கம் செய்தாயிற்று.

அவள் போகும்போது நான் பக்கத்தில் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது, கால் இரண்டும் வீங்கிவிட்டது. டாக்டரைக் கூட்டிவர காத்ர் போர்ன் ஊர்ப் பக்கம் நடந்தேன். வழியெல்லாம் மரம். மாமரம், சவுக்கு, தந்திக் கம்பம். பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. போலீஸ்காரன் திருப்பி அனுப்பினான். அவனோடு சண்டை போட்டதில் கொஞ்ச நேரம் போயிற்று. திரும்பி வந்தால், புயலுக்காக அவளை விட்டிருந்த தம்பி வீட்டு வாசலில் ஆட்கள். எனக்கு வழி விட்டார்கள். புரிந்துவிட்டது.

குளிப்பாட்டி, நீலப் புடவை கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். தலைமுடியில் தண்ணீர் ஊறவில்லை. முத்து முத்தாக நின்றது. எண்ணெய் தேய்த்த தலை, ஆனால் நல்லெண்ணெய் வாசனை இல்லை. வாசனை இல்லாத எண்ணெய் எங்கள் போத்தலில் மட்டும்தான் உண்டு. தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு படலம் விடுவோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். போத்தல் காலி.

அங்கேயே கேட்டேன். பிணம் கிடக்கும்போது தண்ணீர்க் கணக்குக் கேட்டான் கிழவன் என்று இப்போது எங்கள் ஊர் பாம்பூ முழுக்கப் பேச்சு. பேசட்டும்.

தம்பி சொன்ன சமாதானம்: குழாய் வரவில்லை, டிரம் கவிழ்ந்து உருண்டு போயிற்று, ஆற்றில் சேறும் செத்த பன்றியும். உடம்புக்கு வேறு வழியில்லாமல் அந்தத் தண்ணீரையே துணியில் வடிகட்டி ஊற்றினார்களாம். தலைக்கும் முகத்துக்கும் மட்டும் போத்தல். "வேற எதை ஊத்தறது அண்ணே? நீயே சொல்லு."

என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கோழிகளில் சிவப்பு மட்டும் மிச்சம். கூரையில் பாதி கரும்புக்குள் கிடக்கிறது.


பிப்ரவரி 4

வெயில். பல் வலி.

ரொட்டி இல்லை. சீனர் கடையில் பிஸ்கட் வாங்கினேன். கடை வாசலில் வாலிபர்கள். சுதந்திரம் வந்தால் புயலுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று ஒருவன். உன் மாமியார் பெயரை வை, நேராக உன் வீட்டுக்கே வரும் என்று இன்னொருவன். சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் புயலுக்கும் ஒரு பெண் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

மகள் லெச்சுமி தீவின் அந்தக் கோடி மாயெபூரிலிருந்து இன்றுதான் வர முடிந்தது. மாப்பிள்ளை விமான நிலையத்து லாரி ஒன்றில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். சேற்றுக் காலோடு வந்து அழுதாள். பிறகு அடுப்பைத் துடைத்துச் சோறு ஆக்கினாள். என்னைத் தம்பி வீட்டில் போய்ச் சாப்பிடச் சொன்னாள். அங்கே கை நனைக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள், உன் அம்மாவின் போத்தலை ஊற்றிவிட்டார்கள் என்றேன். அதற்கு அவள், "அப்பா, ஒரு போத்தல் தண்ணிதானே."

சொன்னது இந்தத் தீவுப் பேச்சான கிரியோலில். நான் தமிழில் எழுதுகிறேன். எதில் எழுதினாலும் அதே அளவுதான் குத்துகிறது.

தண்ணிதானே.

கரும்பு எஸ்டேட்டில் மழை அளப்பது என் வேலையாக இருந்தது. முப்பத்தேழில் கூலிக்காரர் கலகம் முடிந்ததும் என் பெயரை அடித்துவிட்டார்கள். அப்புறம் காய்கறித் தோட்டம்தான். படிப்பு என்று எவரும் சொல்லித் தரவில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ், மழை அளவு எழுதும் அட்டையைப் பார்த்து இலக்கம். சில வருஷம் முன் வாக்வா வானிலை ஆபீசிலிருந்து ஆள் வந்து, மலைக்கு இந்தப் பக்கம் மழை பிடிக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். எஸ்டேட் வேண்டாம் என்ற என்னைத் தேடி வந்தார்கள். மறப்பேனா.

மழையெல்லாம் ஒரே தண்ணீர் இல்லை. கனமான தண்ணீர் கொஞ்சம் அதில் கலந்திருக்கிறது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. கடலிலிருந்து வரும் மேகம் கியூர்பிப் மேட்டில் ஏறும்போது கனமானது முந்திக்கொண்டு விழுகிறது. மலை தாண்டி பாம்பூவுக்கு வருவது மீதி, இலேசானது. மேட்டில் ஏரிக் காவல்காரரிடம் ஒரு போத்தல், இங்கே என்னிடம் ஒன்று. இரண்டும் கப்பலில் ஐரோப்பா போகும், அங்கே எடை பார்ப்பார்கள். புயல் மட்டும் வேறு கதை. அது கடலில் வரும் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வருகிறது. நம் மலையில் வந்து மோதும்போது அதனிடம் மிஞ்சியிருப்பது என்ன தண்ணீர்? அது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் தனிப் போத்தல். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியதும் மழைமானியில் அதை மாற்றி வைக்க வேண்டும். ஒரே புயலை இரண்டு பக்கமும் பிடித்தால்தான் பயன்.

ஆபீசு ஆள் இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தெய்வானை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "கியூர்பிப் பஸ் மாதிரி. குண்டானவங்க மேட்டிலேயே இறங்கிடறாங்க. பாம்பூ வரைக்கும் வர்றது ஒல்லிங்க. புயல் பஸ்ஸில ஒல்லியிலும் ஒல்லி." அவர் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார்.

புயல் போத்தலுக்கு என்னைவிட அவள்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் கொடி ஏறும், இறங்கும், புயல் விலகிப் போகும். ஊரே சாமிக்கு நன்றி சொல்லும். இவள் வெறும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நமக்கு வரலை" என்பாள். இதை வெளியே சொல்லாதே, அடிப்பார்கள் என்பேன்.

இந்த வருஷம் வந்தது.


பிப்ரவரி 6

காவடி. பாதையில் மரங்களை வெட்டி ஓரம் தள்ளிவிட்டு ஊர்வலம் போகிறது. மேளம் கேட்டது. எங்களுக்குத் தீட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கூரை திறந்திருக்கிறது, கதவைச் சாத்தி என்ன.

தம்பி இந்த வருஷம் காவடி எடுப்பதாக இருந்தான். தெய்வானைக்கு மூச்சு சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டது. கோயில் கொடியேற்றத்திலிருந்து மீன் இல்லை, கள் இல்லை, தரையில் படுக்கை. ரோஜா நிறத் துணி தைத்து வைத்திருந்தான். ஊர்வலம் போனபோது அவன் வீட்டுப் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்றானாம். லெச்சுமி வந்து சொன்னாள். எனக்கு எதற்குச் சொல்கிறாய் என்றேன்.

புயல் நாளை எழுதவில்லை. எழுதுகிறேன்.

எங்கள் வீடு பலகையும் தகரமும். தம்பிக்கு அறுபதாம் வருஷப் புயலுக்குப் பின் சர்க்கார் கட்டிய சிமெண்டு வீடு, சந்துக்கு அந்தப் பக்கம். காலையிலேயே தெய்வானையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே விட்டோம். போத்தலை மாற்றினேனா என்று வழியெல்லாம் கேட்டாள். மாற்றியாயிற்று என்றேன். பகல் முழுக்க அடி. கதவை நானும் தம்பியும் முதுகால் தாங்கினோம். ருக்மணி தேவாரம் பாடினாள், பாதியில் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். தெய்வானை, "இதுக்கு மழையே தேவலை" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தோம்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டதும் எங்கள் வீட்டுக்குப் போனேன். கூரை இல்லை. மாட்டுக்கொட்டகை இல்லை. மழைமானி நின்ற இடத்தில் நின்றது. நான் புதைத்த கம்பம். போத்தலின் மூடியை இறுக்கி, மெழுகு வைத்து, சட்டையில் சுற்றித் தூக்கி வந்தேன். அவள் எழுந்து உட்கார முயன்றாள்.

"நிறைஞ்சுதா?"

"கழுத்து வரைக்கும்."

கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள், அங்கே யாரும் இடற மாட்டார்கள் என்று.

இதை ஊற்றிவிட்டார்கள்.


பிப்ரவரி 8

மேகம். மழை இல்லை. கொசு.

ஆபீசிலிருந்து மிஸ்யே அப்பாவு வந்தார், அன்று படம் போட்டு விளக்கியவர். நம் ஆள்தான், படித்த குடும்பம், தமிழில் வணக்கம் மட்டும், மற்றதெல்லாம் கிரியோல். தொப்பியைக் கழற்றித் துக்கம் விசாரித்தார். பஸ் கதையை ஆபீசில் எல்லோருக்கும் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

மேட்டுப் போத்தல் பத்திரமாக இருக்கிறதாம். அது மட்டும் போனால் ஒற்றைச் செருப்பு. எங்கள் போத்தலின் அடியில் கொஞ்சம் தங்கியிருந்ததைக் காட்டினேன். சாய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எண்ணெய்ப் படலம் போய்விட்டது, திறந்து கிடந்த தண்ணீரில் இலேசானது முதலில் பறந்துவிடும், கனமானது தங்கிவிடும், இது இனிமேல் அந்தப் புயல் இல்லை என்றார். எனக்கும் தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அட்டையில் ஒரு குறிப்பு எழுத வேண்டும், போத்தல் உடைந்தது என்று எழுதிவிடலாம் என்றார். புயலில் எத்தனையோ உடைந்தது, யாரும் கேட்க மாட்டார்கள்.

உடையவில்லை, முழுதாக இருக்கிறது, இதோ என்றேன்.

"பரவாயில்லை ஐயா. ஒரு மாசக் கணக்குதானே."

பரவாயில்லை என்ற சொல்லை இந்த வாரம் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். எவருக்கும் பரவாயில்லை. திருடப்பட்டது என்று எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடினார். மாதக் கடைசி வரை அட்டை என்னிடமே இருக்கட்டும், யோசித்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்க ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 9

நான் சொன்னதை ஆபீசு வண்டி ஓட்டி வந்தவன் கேட்டிருக்கிறான். விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி வேலியோரம் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. தாடி வளர்ந்திருக்கிறது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"திருடன்னு எழுதறியாம் அண்ணே. எழுது. போலீசுக்கும் சொல்லு. கூண்டில ஏத்து. ஜட்ஜ் என்ன திருடினேன்னு கேட்டா, அண்ணி மூஞ்சியைக் கழுவினேன்னு சொல்றேன்."

நான் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். செடி ஏற்கெனவே செத்துவிட்டது. நட்டுக்கொண்டே இருந்தேன்.

"எனக்குத் தாயாட்டம் இருந்தாங்க. உனக்கு மட்டும்தான் செத்துட்டாங்களா?" என்றான். போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் வரக் கூடாது என்று லெச்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.


பிப்ரவரி 11

சாரல். இரண்டு துளி. கணக்கில் சேராது.

ருக்மணி வந்தாள். கையில் மூடிய தட்டு. தட்டை வாசல்படியில் வைத்தாள், நான் வாங்க மாட்டேன் என்று தெரியும். நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, அக்கா இதை உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க. அவரை இப்படி ஊர் பேசறப்போ என்னால சும்மா இருக்க முடியலை. அவருக்கே நேத்துதான் சொன்னேன். தண்ணியை நானா எடுக்கலை. அக்காதான் எடுக்கச் சொன்னாங்க."

நான் டாக்டரைத் தேடிப் போன பிறகு. பேச முடியாமல் தெய்வானை நிறுத்தி நிறுத்திச் சொன்னாளாம். தான் பிழைக்க மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியே ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறாள். "பன்னி மிதந்த தண்ணியை என் தலையில ஊத்தாதே. கட்டிலுக்குக் கீழே இருக்கு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடு."

பொய் என்றேன். புருஷனைக் காப்பாற்றக் கட்டிய கதை என்றேன். செத்தவள் மேல் பழி போடுகிறாய் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன்.

ருக்மணி கோபப்படவில்லை. வேறு எதற்கோ அழுதாள்.

"மேலே எண்ணெய் நிக்கும், அதை முதல்ல சாய்ச்சு ஊத்திடுன்னும் சொன்னாங்க மாமா. அவசரத்தில மறந்துட்டேன். தலையெல்லாம் பிசுக்காப் போச்சு. அதுதான் எனக்கு மனசு ஆறலை. கடைசியாச் சொன்னது, அதைக்கூடச் சரியாச் செய்யலை."

எண்ணெய் விஷயம் இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் மழைக்கு எண்ணெய் தேய்க்கிறான் என்று சிரிப்பார்கள் என்று நானும் தெய்வானையும் சொன்னதே இல்லை. தம்பிக்கும் தெரியாது.

ருக்மணி எப்போது போனாள் என்று கவனிக்கவில்லை.

தட்டில் பருப்பும் கீரையும். ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.


பிப்ரவரி 13

வெயில். தகரம் இரண்டு கண்டுபிடித்தேன், ஒன்று எங்களுடையது இல்லை.

கோபம் தீரவில்லை. இப்போது யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது. அவள் மேல் கோபப்பட்டால் அவள் எதிரில் இருந்து பதில் சொல்ல வேண்டும். "சரி, கத்தி முடிங்க" என்று அரிசி பொறுக்கிக்கொண்டே சொல்ல வேண்டும். யாரும் இல்லாத அடுப்படியில் நின்று என்ன செய்ய.

என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. பொய். கொடுத்திருக்க மாட்டேன். ஆற்றில் இன்னும் மேலே போயிருப்பேன், சேறு தெளியக் காத்திருப்பேன், காத்ர் போர்னில் வீடு வீடாகக் கேட்டு ஒரு குடம் கொண்டுவந்திருப்பேன். அவள் காத்துக் கிடந்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் நான் வருவதற்குள் என்றாள்.

அந்தப் போத்தல் அவளுடையது என்று பத்து நாளாக எல்லோரிடமும் சண்டை போட்டேன். அவளுடையது என்றால் அவள் எடுத்தது எப்படித் திருட்டு? இது எனக்கு விளங்கவில்லை.

விளங்குகிறது. பிடிக்கவில்லை.

அவளுக்கு அந்தத் தண்ணீர் ஐரோப்பா போக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறாள். அவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கிறது அந்த ஆற்றுத் தண்ணீர். நான் பக்கத்தில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். தெரிந்தும் கொடுத்திருக்க மாட்டேன்.

லெச்சுமி கேட்டாள், சித்தப்பாவைக் கூப்பிடட்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.


பிப்ரவரி 15

காலையில் மேகம், பத்து மணிக்கு மேல் வெயில். நாளை மறுநாள் பதினாறாம் நாள். செய்ய வேண்டியது:

பூசாரியிடம் நேரம் கேட்பது. லெச்சுமி.

வாழை இலை. பாம்பூவில் ஒரு மரமும் நிற்கவில்லை. மாப்பிள்ளை மாயெபூரிலிருந்து கொண்டுவர வேண்டும். கிழியாமல்.

எள், சூடம், சீனர் கடை. நானே போவேன். அந்த வாலிபர்கள் இருந்தால் இருக்கட்டும்.

சமையல் ருக்மணி. அவள் வீட்டு அடுப்பில். நான் அங்கே வந்து சாப்பிடுவேன் என்று லெச்சுமி சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

காரியத்துக்குத் தண்ணீர் எடுத்து வருவது சின்னத்தம்பி. மொட்டை அடித்துக்கொள்ளும்போது அவனும் என் பக்கத்தில் உட்கார வேண்டும். தாயாட்டம் என்றான் அல்லவா.

தெய்வானையின் புடவைகள். லெச்சுமிக்குப் பாதி, ருக்மணிக்குப் பாதி. யார் எதை எடுப்பது என்பதில் நான் தலையிடக் கூடாது.

மாதக் கடைசிக்குள் புதுப் போத்தல். மிஸ்யே அப்பாவு. புயல் காலம் ஏப்ரல் வரை இருக்கிறது, மறக்க வேண்டாம் என்று ஆள் அனுப்ப வேண்டும்.

மழைமானிப் புனலில் இலை விழுந்தால் எடுப்பது. இனிமேல் நான்.

அட்டையில் குறிப்பு. நானே சொல்வேன், இங்கிலீஷில் எழுதித் தர வேண்டியது லெச்சுமி. புயல் மழை முழுவதும் சேர்ந்தது. என் மனைவிக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.